லொறி கேபின்ல இன்வர்ட்டர் போடுற தம்பிமாருக்கு அம்பியர் கணக்க யாராவது சொல்லிக் குடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் நுவரெலியாவுக்கு கிட்ட கந்தப்பளை பக்கம், 17 வருசமா மரக்கறி லொறி ஓட்டுறேன். கரட், லீக்ஸ், கோவா ஏத்திக்கிட்டு ஒரு நாள் பேலியகொடை, ஒரு நாள் தம்புள்ளை, இதுதான் நம்ம ஓட்டம். பத்திரிகைக்கு கடிதம் எழுதிப் பழக்கமில்ல, பிழை இருந்தா பொறுத்துக்கங்க, ஆனா இந்த விசயத்த எழுதாம விட்டா யாராவது ஒரு பொடியன் கேபினுக்குள்ளயே கருகிப் போயிருவானோன்னு பயமா இருக்கு, அதான் எழுதுறேன்.

இப்ப நம்ம பக்கத்து லொறிகள்ல பாதிக்கு மேல இன்வர்ட்டர் இருக்கு. பெட்டரி கரண்ட 230 வோல்ட் வீட்டுக் கரண்டா மாத்திக் குடுக்கிற பொட்டிதான். அதுல கேத்தல் போடுறாங்க, ரைஸ் குக்கர்ல சோறாக்குறாங்க, ஃபேன் போடுறாங்க, ஒரு தம்பி கல்யாண வீட்டுக்கு நேரா போகணும்னு சட்டை அயன் பண்ணதையும் பாத்திருக்கேன். இத குத்தம்னு சொல்ல நான் வரல. அந்திக்கு லோட் ஏத்தி மலையெறங்கி நடுச்சாமம் தாண்டி மார்க்கெட்டுக்கு போய், எறக்குறதுக்கு வரிசையில நின்னு, விடிஞ்சப்புறம் திரும்புற லோட் கெடைக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கிறவனுக்கு அந்த கேபின்தான் வீடு. வீட்டுல கட்டிக் குடுத்த சோறு ராத்திரி பத்து மணிக்கு கல்லா இருக்கும், தெனம் கடையில வாங்கித் திங்க கட்டுப்படியாகாது, நேரத்துக்கு சாப்பிடாம கேஸ்ட்ரைடிஸ் வராத டிரைவர் எங்க செட்ல ஒருத்தன் இல்ல. சூடா ஒரு பிளேன்டீ, ஒரு பிடி சுடுசோறு, இதுக்கு ஆசைப்படுறது பெரிய விசயமா ஐயா?

இந்த இன்வர்ட்டர் பழக்கம் எங்கள்ல நெறைய பேருக்கு 2022லதான் வந்துச்சு. டீசல் கியூல நாள்கணக்கா லொறியிலயே கெடந்தோம், வீட்டுல கரண்ட் கட், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டுனாங்க, ஃபோன் சார்ஜ் பண்ணக்கூட வழியில்ல. அப்பதான் நானும் டவுன்ல ஒரு கடையில ஒரு இன்வர்ட்டர் வாங்குனேன். பொட்டி மேல பெரிய எழுத்துல 3000 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு. என்னோட லொறி 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பெட்டரிய ஒன்னோட ஒன்னா சீரிஸ்ல கோத்திருக்கும், அந்த பொட்டி 12 வோல்ட். கடைக்காரர்கிட்ட கேட்டேன், "ஒரு பெட்டரியில மட்டும் குடுங்க, ஒன்னும் ஆகாது"ன்னு சொன்னாரு. குடுத்தேன். நாலே மாசத்துல அந்த பெட்டரி செத்துச்சு, மத்த பெட்டரியில தண்ணி வத்தி பிளேட் வெளிய தெரிஞ்சுச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்கு விளங்கவே ரொம்ப நாள் எடுத்துச்சு. ரெண்டு பெட்டரியும் சேர்ந்து தூக்குற மூட்டை அது. நாம ஒன்னுலருந்து மட்டும் உறிஞ்சினா அது எறங்கிருது, மத்தது நெறஞ்சு கெடக்குது, ஆனா எஞ்சின் ஓடுறப்ப பெட்டரிய சார்ஜ் பண்ற ஒல்டர்னேட்டர் ரெண்டுக்கும் சேத்து 28 வோல்ட் கிட்ட அனுப்புது, அதுக்கு எது காலி எது நெறைஞ்சதுன்னு தெரியாது, அதனால நெறஞ்சது கொதிச்சு காயுது, காலியானது எப்பவுமே நெறையறதில்ல. 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் இன்வர்ட்டர்தான், இல்லன்னா நடுவுல 24ஐ 12ஆக்குற கன்வர்ட்டர் ஒன்னு போடணும், அதுவும் சின்ன சாமானுக்குத்தான் தாங்கும். இந்த ஒரு வரிய அந்தக் கடையில சொல்லியிருந்தா ரெண்டு பெட்டரி காசு எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஆனா நான் எழுத வந்தது பெட்டரி காசு போன கதை இல்ல.

அடுத்த வருசம் 24 வோல்ட் இன்வர்ட்டர் ஒன்னு வாங்குனேன். மாட்டிக் குடுத்த ஆள் வீட்டு பிளக் பொயின்ட்டுக்கு இழுக்கிற 2.5 ஸ்குயார் மில்லிமீட்டர் வயர எடுத்து பெட்டரியிலருந்து சீட்டுக்கு அடியில வரைக்கும் இழுத்தாரு, பியூஸ் போடல, நானும் கேக்கல, ஏன்னா எனக்கு தெரியாது. ஃபோன் சார்ஜ், சின்ன ஃபேன் இதுக்கெல்லாம் ஒரு கரைச்சலும் இல்லாம போச்சு. 2024 ஜனவரியில வெறுங்கையா திரும்பி வர்றப்ப கினிகத்தேனை ஏத்தத்துக்கு முன்னால ஒரு ஓரமா நிப்பாட்டி, கிளீனர் தம்பி 1500 வாட்ஸ் கேத்தல போட்டான். நல்ல மழை, கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. ரெண்டு நிமிசம் இருக்கும், செருப்பு எரியிற மாதிரி ஒரு வாடை. "அண்ணே, சீட்டு சுடுது"ன்னான். சீட்ட தூக்குனா அந்த சிவப்பு வயரோட தோல் மெழுகு மாதிரி ஒழுகி உள்ள செம்பு தெரியுது, அது மேல நாங்க மடிச்சு வச்சிருந்த கம்பளி ஒரு ஓரத்துல கருகிட்டு வருது. இன்வர்ட்டர் சுவிட்ச ஓஃப் பண்ணியும் பொகை நிக்கல, ஏன்னா உருகுன வயர் சீட்டுக்கு அடியில இருக்கிற இரும்புல ஒட்டி அங்கயே ஷோட் ஆகியிருக்கு, பெட்டரிக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல பியூஸ்னு ஒன்னு இல்லாததால எதுவும் அத நிப்பாட்டப் போறதில்ல. மழையில குதிச்சு ஓடி பத்து நம்பர் ஸ்பேனர எடுத்து நெகட்டிவ் டேர்மினல கழட்டுற வரைக்கும் என் கை நடுங்குன நடுக்கம் இப்பவும் ஞாபகம் இருக்கு. அந்த தம்பிக்கு வயசு 19. ராத்திரி அவன் தூங்கிட்டிருக்கிறப்ப அது நடந்திருந்தா அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதுக்கப்புறம் தெரிஞ்ச ஒரு வயரிங் பாஸ்கிட்ட போய் உக்காந்து கேட்டேன். அவர் சிமென்ட் தரையில சோக்கால எழுதிக் காட்டுனாரு. வாட்ஸ்ஸ பாத்து ஏமாறாத, அம்பியர பாரு, வயர்ல எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு சொல்றது அதுதான்னாரு. வீட்டுல 1500 வாட்ஸ் கேத்தல் ஆறரை அம்பியர்தான் எடுக்கும், ஏன்னா அங்க வோல்ட் 230. லொறியில வோல்ட் 24, அதே வேலைய செய்யணும்னா அதுக்கு ஏத்தாப்பல அம்பியர் பெருகணும், பொட்டிக்குள்ள சூடா வீணாகிற பங்கும் சேந்துக்கும். அவர் சொல்லிக் குடுத்த குறுக்குக் கணக்கு இதுதான்: 24 வோல்ட் லொறின்னா வாட்ஸ்ஸ 20ஆல பிரி, 12 வோல்ட்னா 10ஆல பிரி, வர்றதுதான் பெட்டரி வயர்ல ஓடுற அம்பியர். 1500 வாட்ஸ் கேத்தல் நம்ம லொறியில 75 அம்பியர், 12 வோல்ட் சின்ன லொறியில 150 அம்பியர். 2.5 வயர் தாங்குறது 20, 25. அப்ப அது உருகாம என்ன செய்யும்?

இதே கணக்க சிகரெட் லைட்டர் சோக்கெட்டுக்கும் போட்டுப் பாருங்க. அதோட பியூஸ் அநேகமா 10, 15 அம்பியர்தான் இருக்கும். 12 வோல்ட் வண்டியில அதுல 100, 150 வாட்ஸ்க்கு மேல எதுவும் ஏலாது, ஃபோன் சார்ஜ், லெப்டொப், சின்ன ஃபேன் அவ்வளவுதான். பியூஸ் அடிக்கடி போகுதுன்னு அதுக்கு பதிலா கம்பித்துண்டு, சிகரெட் பொட்டியில இருக்கிற ஈயத்தாள் எல்லாம் சுத்தி வைக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். தம்பிமாரே, பியூஸ் போறது உங்கள காப்பாத்துறதுக்கு, தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க.

ரைஸ் குக்கர் விசயம் வேற. சின்ன குக்கர் 350 வாட்ஸ், 24 வோல்ட்ல 17, 18 அம்பியர், அரை மணித்தியாலம் ஓடுனா பெட்டரியிலருந்து போறது 9 அம்பியர்-மணித்தியாலம் கிட்ட, அதாவது அம்பியர ஓடுன மணித்தியாலத்தால பெருக்குனா வர்றது. கேத்தல் அஞ்சு நிமிசம் ஓடுனா போறது 6தான், மொத்தமா பாத்தா கேத்தல் குறைய எடுக்குது, ஆனா அத ஒரே மூச்சில எடுக்குது, அந்த மூச்சுதான் வயர உருக்குது, பழைய பெட்டரிய மண்டியிட வைக்குது. இது விளங்குனதுக்கப்புறம் நான் கேத்தல விட்டுட்டேன். தண்ணி கொதிக்க வைக்கணும்னாலும் குக்கர்லயே வைக்கிறேன், இருபது நிமிசம் ஆனா ஆகட்டும். வெளிக்கிடுறப்ப வீட்டுலருந்து ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு போறதும் உண்டு, அதுக்கு ஒரு அம்பியரும் வேணாம். இன்வர்ட்டரே இல்லாம நேரா 24 வோல்ட்ல ஓடுற கேத்தல், குக்கர் எல்லாம் இப்ப கெடைக்குது, மெதுவாத்தான் வேகும், ஆனா நமக்கு மார்க்கெட் வரிசையில நேரத்துக்கு என்ன பஞ்சம்.

நம்ம மலைக்குன்னு ஒரு சங்கதி இருக்கு. நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், அங்க தண்ணி 100 டிகிரிக்கு போகாது, 94லயே கொதிச்சிரும். அதனால சோறு வேக நேரம் எடுக்கும், குக்கர் கூட நேரம் ஓடும், பெட்டரி கூட எறங்கும். அரிசிய அரை மணித்தியாலம் ஊற வச்சுட்டு போட்டா நல்ல வித்தியாசம் தெரியும், இது என் வீட்டுக்காரி சொல்லித் தந்தது. அதோட ஜனவரி, பெப்ரவரியில பனி கொட்டுற ராத்திரியில பெட்டரி அதோட முழு வேகத்த காட்டாது, குளிர்ல எந்த பெட்டரிக்கும் தெம்பு கொறையும், எஞ்சின் ஒயிலும் கட்டியாகி ஸ்டாட்டருக்கு கூட வேலை. கொழும்புல ராத்திரி சோறாக்கிட்டு காலையில ஒரே சாவியில ஸ்டாட் ஆகுற லொறி கந்தப்பளையில அதே மாதிரி ஆகும்னு நெனைக்காதீங்க.

இன்வர்ட்டர் கத்துறப்ப நிப்பாட்டலாம்னு இருக்கிறதும் பிழை. அது கத்துறது ஒவ்வொரு பெட்டரியும் பத்தரை வோல்ட் கிட்ட எறங்குனப்புறம், அப்ப லைட் எரியும், ஸ்டாட்டர் சுத்தாது. நம்ம லொறியில வர்றது ஸ்டாட் பண்றதுக்குன்னு செஞ்ச பெட்டரி, மெல்லிய பிளேட், ஒரு நொடி பலமா குடுத்துட்டு ஒடனே நெறைச்சுக்கணும், அடி வரைக்கும் எறக்குனா கொஞ்ச தடவையிலயே போயிரும். சும்மா வச்ச பெட்டரி 12.6 காட்டுனா நெறஞ்சது, 12.2 காட்டுனா பாதி, அதோட நிப்பாட்டிரணும், 24 வோல்ட்னா 24.4. டேஷ்போர்டுல சொருகுற சின்ன வோல்ட்மீட்டர் ஒன்னு போதும் இதுக்கு. சாமான கழட்டுனப்புறம் இன்வர்ட்டரையும் ஓஃப் பண்ணணும், சும்மா இருந்தாலும் ராவோட ராவா அது தின்னுக்கிட்டே இருக்கும். வசதி இருக்கிறவங்க, நல்லா எறக்கி எறக்கி நெறைச்சாலும் தாங்குற டீப் சைக்கிள் பெட்டரி தனியா வச்சு, எஞ்சின் ஓடுறப்ப மட்டும் அது சார்ஜ் ஆகுற மாதிரி ஐசொலேட்டர் போட்டா ஸ்டாட் பெட்டரிக்கு ஒரு பயமும் இல்ல. எங்களுக்கு அது இன்னும் முடியல.

எஞ்சின ஓட விட்டுட்டு சமைக்கிற ஆளும் இருக்கு. சமைக்கிற நேரத்துக்கு அது நல்லது, ஆனா ஓட விட்டுட்டு அப்படியே தூங்குறது, அதவிட கேபினுக்குள்ள சின்ன கேஸ் அடுப்பு வச்சு கண்ணாடிய ஏத்திக்கிட்டு தேத்தண்ணி போடுறது, இது ரெண்டுக்கும் நான் கையெடுத்துக் கும்புடுறேன். காபன் மொனொக்சைட்டுக்கு வாடையும் இல்ல நெறமும் இல்ல, தூக்கம் வர்ற மாதிரிதான் வரும். நுவரெலியாவுல குளிருக்கு அறைக்குள்ள கரி அடுப்ப வச்சு மூடிப் படுத்து எழும்பாமலே போனவங்க செய்திய எத்தனை தடவை பேப்பர்ல வாசிச்சிருக்கோம், நம்ம கேபின் அந்த அறையவிட சின்னது. அந்த வகையில பாத்தா ஒழுங்கா பூட்டுன இன்வர்ட்டர்தான் கேஸ் அடுப்பவிட எவ்வளவோ பாதுகாப்பு, அதனாலதான் இத வேணாம்னு சொல்லாம ஒழுங்கா பூட்டுங்கன்னு சொல்றேன்.

ஒழுங்கான்னா எப்படி? என் லொறியில இப்ப இருக்கிறத சொல்றேன். விரல் தடிப்பு கேபிள், 25 ஸ்குயார் மில்லிமீட்டர், எவ்வளவு கட்டையா முடியுமோ அவ்வளவு கட்டை. பெட்டரி பொசிட்டிவ்லருந்து ஒரு சாண்குள்ள பியூஸ், இன்வர்ட்டர் பக்கத்துல இல்ல, பெட்டரி பக்கத்துல, ஏன்னா காப்பாத்த வேண்டியது அந்த வயர. கேபிள் இரும்பு வழியா உள்ள வர்ற ஓட்டையில ரப்பர் வாசர். இன்வர்ட்டர் சீட்டுக்கு அடியில துணிமணிக்குள்ள இல்லாம காத்துப் படுற எடத்துல, பெட்டரி பொட்டிக்குள்ளயும் இல்ல, சார்ஜ் ஆகுற பெட்டரி விடுற கேஸ் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். ஈரக்கையோட பிளக்க தொடுறதில்ல, வர்றது 230 வோல்ட், அது பெட்டரியிலருந்து வந்தாலும் வீட்டுக் கரண்ட் அடிக்கிற மாதிரியேதான் அடிக்கும், அதுக்கு வீட்டுல இருக்கிற ட்ரிப் சுவிட்ச் கூட இங்க இல்ல.

அப்புறம் இந்த பியூர் சைன், மொடிஃபைட் சைன் பேச்சு. பியூர் சைன்னா வீட்டுக் கரண்ட் மாதிரியே வழவழன்னு அலையா வர்ற கரண்ட், மொடிஃபைட்னா படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு வர்றது. விலை கொறஞ்சதெல்லாம் அநேகமா மொடிஃபைட், அதுல குக்கர், பல்ப் ஓடும், ஆனா மோட்டர் இருக்கிற சாமான் ஊங்காரம் போட்டு சூடாகும். ஃபிரிஜ் ஸ்டாட் ஆகுறப்ப அதுல எழுதியிருக்கிற வாட்ஸ்ஸப் போல பல மடங்கு ஒரு நொடிக்கு இழுக்கும். ஜப்பான்லருந்து வர்ற ரீகண்டிஷன் வண்டியில சிலதுல பிளக் ஒன்னு பூட்டியே இருக்கும், அது 100 வோல்ட், ஜப்பான் கரண்ட், நம்ம சாமானுக்கு அது சரிவராது, இதையும் தெரியாம சொருகுறவங்க இருக்காங்க.

நான் பணத்த பாக்காம பியூர் சைன் வாங்குனது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு போன வருசம் விளங்குச்சு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப புசல்லாவைக்கு மேல முன்னாலயும் பின்னாலயும் மண்ணு சரிஞ்சு ரெண்டு ராத்திரி ரோட்டுலயே நின்னேன். கரண்ட் இல்ல, சிக்னல் இருந்து இல்லாத மாதிரி. மேல லயத்துலருந்து சனம் ஃபோன்கள பொலித்தீன் பேக்ல போட்டுக்கிட்டு எறங்கி வந்துச்சு, ஒரே நேரத்துல 14 ஃபோன் மல்டிபிளக்ல கெடந்துச்சு, அத்தனையும் சேத்து ஒரு குக்கர்ல பாதி கூட வராது. ரெண்டாவது நாள் அந்திக்கு ஒரு தாய் நாலு வயசு புள்ளைய சாக்கால மூடித் தூக்கிக்கிட்டு வந்தாங்க, மறு கையில நெபுலைசர். புள்ளைக்கு இழுப்பு, மருந்து இருக்கு, கரண்ட் இல்ல. கேபின்ல ஏத்தி உக்கார வச்சு மிசின சொருகுனோம், வீட்டுல ஓடுற மாதிரியே ஓடுச்சு. அந்த பத்து நிமிசம் அந்த சின்ன மூஞ்சில பொகை மாதிரி மருந்து போறதையும் நெஞ்சு மெதுவா அடங்குறதையும் பாத்துக்கிட்டு இருந்தேன், கிளீனர் தம்பி வோல்ட்மீட்டர்ல இருந்து கண்ண எடுக்கல. ராத்திரி இன்னொரு தடவை வேணும்னு அன்னைக்கு நாங்க சோறாக்கல, பிஸ்கட்தான். பழைய வயரோட, பழைய பொட்டியோட இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கவே முடியல.

ஐயா, நான் கேக்குறது இவ்வளவுதான். இன்வர்ட்டர் விக்கிற கடைக்காரங்க பொட்டி மேல இருக்கிற 3000த்த காட்டி விக்காம, தொடர்ந்து எத்தனை வாட்ஸ் தாங்கும், என்ன கேபிள், என்ன பியூஸ்னு ஒரு துண்டுல தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதிக் குடுக்கணும். அந்த 3000 ஒரு நொடிக்குத் தாங்குறதா இருக்கும், 12 வோல்ட்ல அதுக்கு 300 அம்பியர் வேணும், பென்சில் தடிப்பு வயர வச்சுக்கிட்டு எப்படி? லொறி மொதலாளிமார் "எனக்குத் தெரியாம போட்டியா"ன்னு ஏசுறத விட்டுட்டு, போடுறதுன்னா இப்படி போடுன்னு நல்ல கேபிளுக்கு காசு குடுத்தா போதும், லொறி எரிஞ்சா அவங்க சொத்துதானே போகுது. மரக்கறி எறக்குற மார்க்கெட்டுகள நடத்துறவங்க டிரைவர், கிளீனர்மாருக்கு சுடுதண்ணியும் நாலு பிளக் பொயின்ட்டும் இருக்கிற ஒரு சின்ன அறை ஒதுக்குனா கேபினுக்குள்ள சமைக்கிற தேவையே பாதியா கொறையும். உங்க பத்திரிகையில ஒரு ஞாயித்துக்கெழமை இந்த 10, 20 கணக்க மட்டுமாவது பெரிய எழுத்துல போட்டீங்கன்னா நம்ம பொடியன்மார் வெட்டி டேஷ்போர்டுல ஒட்டிக்குவாங்க.

கினிகத்தேனையில உருகுன அந்த சிவப்பு வயர் துண்டு இன்னும் என்கிட்ட இருக்கு. புதுசா இன்வர்ட்டர் வாங்கிட்டேன்னு வர்ற ஒவ்வொரு தம்பிக்கும் அத கையில குடுத்துத்தான் பேச்ச தொடங்குறேன். அதோட ஃபோட்டோவையும் இந்த கடிதத்தோட வச்சிருக்கேன், எடமிருந்தா போடுங்க ஐயா.

இப்படிக்கு,
மரக்கறி லொறி சாரதி ஒருவர்,
கந்தப்பளை.